வாரிசு இல்லை, சித்தி ஒன்று

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் கண்ணுகளா. இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் கிடையாது. தேடி ஏமாறாதீர்கள். இதில் வருகிற அதிகாரிகள் எல்லோரும் நேரத்துக்கு ஆபீசுக்கு வந்தவர்கள், கையெழுத்தைக் கோணாமல் போட்டவர்கள், ஒரு விதியைக்கூட மீறாதவர்கள். அப்படிப்பட்ட நல்லவர்கள் ஒரே கட்டடத்தில் சேர்ந்து வேலை பார்த்தால் என்ன நடக்கும் என்பதுதான் கதை. நடுவில் எங்காவது சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். ருக்மிணி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். ருக்மிணிக்கு ஐம்பத்தைந்து வயது. திருவானைக்காவலை விட்டு அதுவரை ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் போகாதவள், புனேயை ஒட்டிய ஆகுர்டிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அழைத்து வந்தவன் ஜம்புநாதன். அங்கே ஒரு மோட்டார் தொழிற்சாலையில் ஃபிட்டர். ருக்மிணியின் அக்கா அகிலாண்டத்தின் மகன்.

அகிலாண்டம் இறந்தபோது ஜம்புவுக்குப் பதினோரு மாதம். கண்ணை மூடுவதற்கு முன்னால் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள என்னைய மறந்துடக் கூடாது ருக்கு" என்றாள். பத்தொன்பது வயதுப் பெண் சரி என்றாள். சொன்ன சொல்லுக்காக முப்பத்தைந்து வருஷம் காவல் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் விளக்கு வைத்த கையோடு குழந்தையைத் தூக்கிச் சுவரில் இருக்கும் படத்தைக் காட்டுவாள். "இது யாரு? அம்மா. நான் யாரு? சித்தி." மூன்று வயதில் ஒருநாள் சோறு ஊட்டும்போது அவன் இவளைப் பார்த்து, "அம்மா, இன்னும்" என்று வாயைத் திறந்தான். புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்குப் பிறகு ஜம்பு மாற்றிச் சொன்னதே இல்லை.

ஆகுர்டிக்கு வந்த புதிதில் ஒரு வேடிக்கை நடக்கும். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி வாசலில் நின்று "சிட்டி!" என்று கத்துவார். அந்த ஊரில் சிட்டி என்றால் கடிதம், துண்டுச்சீட்டு எல்லாம்தான். ருக்மிணியோ, ஜம்புவின் சிநேகிதன் எவனோ கூப்பிடுகிறான் என்று, "தோ வந்துட்டேன்ப்பா!" என்று கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். ஜம்பு கட்டிலில் புரண்டு சிரிப்பான். "ஒன்னையத்தான் சித்தி, ஒன்னையத்தான் கூப்புடுறாரு, போ" என்பான். விஷயம் தெரிந்த பிறகும் அவள் ஓடுவது நிற்கவில்லை. காதுக்கு அப்படிப் பழகிவிட்டது.

இன்னொன்று. அந்த ஊர்க் காற்று அவள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க நீர் வடிந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு அழுகிற மாதிரி இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை ஜம்புவுக்கு விடுப்பு. புனேயில் ராஸ்தா பேட்டில் நம் ஊர்ச் சாமான்கள் கிடைக்கும் என்று கிளம்பினான். அவள் சொல்லச் சொல்ல ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினான். புளி, கொத்தமல்லி விதை, அப்பளம், சுண்டைக்காய் வற்றல். முடிந்தது என்று அவள் எழுந்த பிறகு, அவனாக ஒரு வரி சேர்த்தான். "என்னடா அது?" என்றாள். "ஒண்ணுமில்ல சித்தி" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லோக்கல் ரயிலைப் பிடிக்கப் போனான்.

ரயில் புனே ஸ்டேஷனில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஜன்னலோரம் தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் இறங்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். முப்பத்தாறு வயது. ரயில்வே போலீஸ் வந்து சேருவதற்குள் அவனுடைய பர்ஸை யாரோ இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பக்கத்து அறை பத்ரிநாத் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவனுக்கு இந்தி, மராத்தி எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. அவன் தங்கை கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தான். ஆகையால் ருக்மிணி, கையில் ஜம்புவின் போட்டோவை வைத்துக்கொண்டு தன்னந்தனியாகத் தேடினாள். செவ்வாயன்று தொழிற்சாலை வாசல். புதனன்று ஆகுர்டி போலீஸ். வியாழக்கிழமை ரயில்வே போலீஸ்.

ஹவல்தார் போட்டோவைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டினார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். அடையாளம் தெரியாத ஆண். மாநிறம், மீசை. நீலச் சட்டை. ருக்மிணிக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் முகம் மட்டும் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"அவுர் ஏக் சிட்டி" என்றார் ஹவல்தார்.

ருக்மிணி நிமிர்ந்தாள். "சித்தியா?"

"ஹாங், சிட்டி. ஏக்."

அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? போகிற நேரத்தில் பிள்ளை வாய் திறந்து சொல்லியிருக்கிறான் என்று நினைத்தாள். எனக்கு ஒரு சித்தி இருக்கிறாள், வருவாள் என்று சொல்லியிருக்கிறான். அதைச் சர்க்கார் மறக்காமல் எழுதியும் வைத்திருக்கிறது. அந்த இடிவிழுந்த வேளையிலும் ஹவல்தாரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நாந்தாங்க அந்தச் சித்தி" என்றாள். அவர் அழாதே என்று சைகை காட்டினார். "அழுவலீங்க. கண்ணு அப்புடித்தான்" என்றாள்.

அவர் பதிவேட்டில் இருந்த 41 என்ற எண்ணை எழுதிக் கொடுத்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பெரிய அரசு ஆஸ்பத்திரி. பிணவறைக்கு முன்னால் ஓர் ஆபீஸ். ஆபீஸ் வாசலில் புதிதாக வண்ணம் அடித்த பலகை. தலைப்பு, குடிமக்கள் சாசனம். கடிதங்களுக்கு நாற்பத்தைந்து நாட்களுக்குள் பதில் தரப்படும். உரிமை கோரப்படாத சடலங்கள் ஏழு நாட்களுக்குள் தகனம் செய்யப்படும். எங்கள் சேவை, புன்னகையுடன். நான் சொன்னேன் அல்லவா, நல்லவர்கள் என்று? இந்த வாக்குறுதி ஒவ்வொன்றையும் அவர்கள் காப்பாற்றினார்கள்.

தலைமை குமாஸ்தா கேஷவ் பாட்டஸ்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, புன்னகையுடன் கேட்டார். "போலா, மாவ்ஷி. கோன்?"

யார் நீ என்கிறார் என்பது வரைக்கும் அவளுக்கு இந்தி தெரியும்.

"சித்தி" என்றாள்.

பாட்டஸ்கர் நாற்பத்தொன்றாம் எண் கோப்பை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "சிட்டி? ஹாங், சிட்டி ஹை!"

"ஹை, ஹை" என்று அவளும் தலையாட்டினாள். இங்கேயும் எழுதி வைத்திருக்கிறார்கள்!

பாட்டஸ்கர் தன் ஜன்னலைத் தொட்டுக் காட்டி, இது சடலப் பிரிவு என்றார். மேல்மாடியைக் காட்டி, கடிதமெல்லாம் அங்கே என்றார். ஒரு சீட்டில், 'எண் 41 தொடர்பான சிட்டி மேலே அனுப்பப்படுகிறது' என்று எழுதி அவள் கையில் கொடுத்தார். அவளும் மேலே போனாள்.

மேலே கடிதப் பிரிவில் ப்ரீதி மேடம். சின்னப் பெண், வேலையில் சுறுசுறுப்பு. சீட்டைப் படித்துவிட்டு நீட்டிய கையோடு, "சிட்டி?" என்றாள்.

"நான்தாம்மா."

"எந்த பாஷை?"

பாஷை என்ற சொல் புரிந்தது. "தமிழு."

ப்ரீதி மேடம் பேரேட்டில் எழுதிக்கொண்டாள். "எத்தனை? கித்னா?"

பிள்ளைக்கு எத்தனை சித்தி என்று கேட்கிறாளாக்கும் என்று ருக்மிணி ஒரு விரலைக் காட்டினாள். "ஏக். அவனுக்கு நான் ஒருத்திதான்."

"எங்கிருந்து?"

"திருவானைக்காவல்." அதை எழுத மேடத்துக்கு நான்கு நிமிஷம் ஆயிற்று.

"தாரீக்?"

பிறந்த தேதி என்று நினைத்துக்கொண்டாள். அது மட்டும் ரேஷன் கார்டு போட்டபோது இங்கிலீஷில் சொல்லப் பழகியது. சொன்னாள். பதினாலு, நாலு, நாற்பத்துமூன்று.

ப்ரீதி மேடம் பேனாவை நிறுத்தினாள். பக்கத்து மேஜையைப் பார்த்து, நாற்பத்துமூன்றில் போட்ட கடிதம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது, இந்தத் தபால் இலாகாவை என்னவென்று சொல்வது என்று அலுத்துக்கொண்டாள். கடமை தவறாமல், 'தாமதத்துக்குக் காரணம் கேட்கப்பட வேண்டும்' என்று ஓரத்தில் குறித்தாள். பதில் அனுப்ப ஆகுர்டி முகவரியை வாங்கிக்கொண்டாள். முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினாள். சீட்டில் பாதியும், சீட்டைப் பிடித்திருந்த ருக்மிணியின் மணிக்கட்டில் பாதியும் விழுந்தது. உள்வரவு எண் 2217.

"நாற்பத்தைந்து நாளில் பதில் வரும், மாவ்ஷி" என்று புன்னகைத்தாள்.

மணிக்கட்டில் முத்திரை விழுந்ததும் காரியம் முடிந்தது, கொஞ்ச நேரத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று நம்பி ருக்மிணி வராந்தாவில் உட்கார்ந்தாள். ஐந்தரைக்கு வாட்ச்மேன் எழுப்பி அனுப்பினான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். வராந்தாவில் போன ஒரு நர்ஸ், "மாவ்ஷி! இதைத் துடை" என்று வாளியையும் துணியையும் காட்டிவிட்டுப் போனாள். இது அடுத்த கட்டம் போலிருக்கிறது என்று ருக்மிணி புடவையைச் செருகிக்கொண்டு துடைத்தாள். ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும், மோட்டார்க்காரனுக்கு வாழ்க்கைப்படாமலே மோட்டார் எண்ணெய்க் கறையெல்லாம் எட்டு மாதம் துடைத்துப் பழகிய கையால் பளபளவென்று துடைத்தாள். துடைத்துக்கொண்டே போனால் வராந்தா பிணவறைக் கதவில் முடிந்தது.

"ஜம்பு, இங்கனயாடா இருக்க?" என்று அவளை அறியாமல் வாய் முணுமுணுத்தது.

கதவோரம் பீடி பிடித்துக்கொண்டிருந்த பிணவறை ஊழியர் திடுக்கிட்டு எழுந்தார். "அரே! அம்மா, நீங்க தமிளா?"

அவர் பெயர் முகமது ரஃபீக். தாய் தகப்பன் ஆம்பூர்க்காரர்கள். இவர் பிறந்து வளர்ந்தது இங்கே, கட்கியில். தமிழ் பேச வரும், படிக்க வராது. அவரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போட்டோவைப் பார்த்ததும் அவர் பீடியை அணைத்துவிட்டு, "வாங்கம்மா" என்று உள்ளே அழைத்துப் போனார்.

கால் கட்டைவிரலில் சீட்டுக் கட்டியிருந்தது. 41.

அவள் கிட்டே போனாள். தலையைத் தடவினாள். தலைமுடி கலைந்திருந்ததை விரலாலேயே வகிடு எடுத்துச் சரிசெய்தாள். மடித்து வைத்திருந்த நீலச் சட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"ரெண்டாவது பொத்தான் இல்ல பாருங்க தம்பி. ஞாயித்துக்கெழமையே தச்சுத் தாரேன்னு சொன்னேன். ஊசில நூலு கோக்கக் கண்ணு தெரியல. நாளைக்கு ஆவட்டும்னு விட்டுட்டேன்."

ரஃபீக், பதினேழு வருஷமாக அந்த அறையில் இருப்பவர், வெளியே போய் நின்றுகொண்டார்.

பிறகு அவரே அவளைப் பாட்டஸ்கரிடம் கூட்டிப் போய், சிட்டிக்கும் சித்திக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். சித்தி என்றால் தாயின் தங்கை, சாஹேப். மாவ்ஷி.

பாட்டஸ்கர் வயிறு குலுங்கச் சிரித்தார். ப்ரீதி மேடத்தைக் கீழே கூப்பிட்டு அவளிடமும் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதும் மறுபடி தலைமை குமாஸ்தா ஆனார்.

"தவறு புரிந்தது. ஆனால் இந்த அம்மாள் 2217ஆம் எண்ணில் கடிதமாகப் பதிவாகிவிட்டார். பதிவான கடிதத்தை ரத்து செய்ய, அந்தக் கடிதத்தை எழுதியவர் விண்ணப்பிக்க வேண்டும். எழுதியவர் யார்?"

ரஃபீக் இதைத் தமிழில் சொன்னார். ருக்மிணிக்கு வேறு ஒரு சந்தேகம். "தம்பி, மாவ்ஷின்னா என்ன?"

"அதாம்மா, உங்க சித்திதான். அம்மாவோட தங்கச்சி."

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப இவங்க எல்லாரும் நேத்துலேருந்து என்னைய மாவ்ஷி, மாவ்ஷின்னுதானே கூப்புடுறாங்க? தெரிஞ்சுதானே இருக்கு! பெறவு ஏன் புள்ளையத் தர மாட்டேங்கிறாங்க?"

ரஃபீக் இதை மொழிபெயர்த்தபோது பாட்டஸ்கரின் புன்னகை இன்னும் கனிந்தது. "இந்த ஊரில் வயதான பெண்கள் எல்லோரும் மாவ்ஷிதான். கீரை விற்கிறவள் மாவ்ஷி. வார்டு கூட்டுகிறவள் மாவ்ஷி. மாவ்ஷி என்று வருகிறவர்களுக்கெல்லாம் நான் சடலத்தைக் கொடுத்தால் ஒரே வாரத்தில் என் பிணவறை காலியாகிவிடும். அப்புறம் இந்த அலுவலகம் எதற்கு? நான் எதற்கு?" அச்சடித்த படிவத்தைத் திருப்பிக் காட்டினார். தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள், சகோதரர். "படிவத்தில் மாவ்ஷி எங்கே இருக்கிறாள்? காட்டுங்கள், இப்போதே தருகிறேன்."

கோப்பில் ஒட்டி அரக்கு முத்திரை வைத்த சின்ன உறை ஒன்று இருந்தது. ரஃபீக் அதைக் காட்டி, பையனின் சட்டைப் பையில் இருந்த துண்டுச்சீட்டு அதில் இருக்கிறது, தமிழில் எழுதியிருக்கிறது, இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது என்றார். நிஜமான சிட்டி அதுதான். ஹவல்தார் விரல் வைத்துப் படித்தது இதைத்தான். போகிற நேரத்தில் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை என்று ருக்மிணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

உறையை நோக்கிக் கையை நீட்டி, "குடுக்கச் சொல்லுங்க தம்பி, நான் படிச்சுச் சொல்றேன். சாமான் சீட்டுதான், நான் சொல்லித்தான் எழுதினான்" என்றாள்.

"கூடாது, கூடாது" என்று பாட்டஸ்கர் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்த அம்மாள் இறந்தவரைத் தெரிந்தவர். தெரிந்தவர் படித்தால் பாசம் கலந்துவிடும். இறந்தவரைக் கொஞ்சமும் தெரியாத ஒருவர், மும்பையில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர், அவர்தான் படிக்க வேண்டும். இன்றே அனுப்பிவிடுகிறேன்." அனுப்பினார். அதில் ஒரு நாள்கூடத் தாமதம் செய்யவில்லை.

கடைசியில் ரஃபீக் அவளைப் பெரிய டாக்டரிடமே கூட்டிப் போனார். நரைத்த தலை, மெல்லிய குரல். முழுவதையும் கேட்டார். அவருக்கு மனசு இளகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் நான் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை" என்றார். "ஆனால் பொய்யைச் சொல்கிறவர் வேறு ஒருவராக இருந்தால் கையெழுத்துப் போட எனக்குத் தடையில்லை. இந்த அம்மாளை, ஆயி என்று சொல்லச் சொல். தாய். ஒரு சொல். சொல்லிவிட்டுக் கட்டைவிரலை வைக்கட்டும். நான் ஆதாரம் கேட்க மாட்டேன். தாயிடம் ஆதாரம் கேட்பது நாகரிகம் இல்லை."

"மேட்டர் கத்தம்மா, முடிஞ்சுது!" என்றார் ரஃபீக். "ஆயின்னு சொல்லிடுங்க. இப்பவே வண்டி வெச்சு நானே ஆகுர்டி கொண்டாந்து உடுறேன்."

ருக்மிணி வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள் என்று நினைக்கிறேன். படத்தில் இருக்கிற அக்கா வந்து எதிரே நின்றாளோ என்னவோ.

"அவங்கம்மா செத்துப் போயிட்டாங்கய்யா. அகிலாண்டம்னு பேரு" என்றாள். "நான் சித்தி."

"அய்யோ அம்மா, சும்மா பேருக்கும்மா! அந்த சாஹேப்புக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அல்லாவுக்கும் தெரியும்!"

"புள்ளை செத்துக் கெடக்குறப்ப பொய்யி சொல்லிக் கூட்டிட்டுப் போவச் சொல்றீங்களா தம்பி? முப்பத்தஞ்சு வருசமா வேணாம்னு வச்சிருந்த சொல்லு. அவனையே தட்டி மாத்துனேன். இன்னைக்கி நான் போயி எடுத்துக்கிட்டா, அக்கா கேக்க மாட்டாளா?"

பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை. "யோசித்துக்கொண்டு வரட்டும்" என்றார், மிகவும் அன்பாக.

யோசனைக்கு அவளுக்கு இரண்டு நாள் கிடைத்தது. மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அதற்கு மறுநாள் ஞாயிறு. ஆபீஸ் இரண்டு நாளும் பூட்டு. அகிலாண்டத்தின் படத்துக்கு எதிரே உட்கார்ந்தே இருந்தாள். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் எழுந்து, "அக்கா, ஒரே ஒரு தடவை. எரிச்சு முடிச்சதும் திருப்பிக் குடுத்துடுறேன்" என்று படத்திடம் சொன்னாள். திங்கட்கிழமை காலை லோக்கல் ரயிலில் ஆகுர்டியிலிருந்து உதடு அசைய அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆயி. ஆயி. பக்கத்தில் உட்கார்ந்த மீன்காரப் பெண், யாரைக் கூப்பிடுகிறாள் இவள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ரஃபீக் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

சடலத்தைக் கொடுக்கும் பிரிவுக்குத்தான் சனி ஞாயிறு விடுமுறை. எரிக்கும் பிரிவுக்கு விடுமுறை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஏழாம் நாள். காலை ஒன்பது மணிக்கே எடுத்துவிட்டார்கள்.

"நான் கூடப் போனேம்மா" என்றார் ரஃபீக். "டூட்டி இல்ல, சும்மா போனேன். உங்க மந்திரம்லாம் எனக்குத் தெரியாது. காதாண்ட குனிஞ்சு, 'தம்பி, உங்க சித்தி வந்திருக்காங்க, வெளிய நிக்கறாங்க'ன்னு தமிள்ல சொன்னேன். அதான் வந்துச்சு எனக்கு."

வாயில் வைத்திருந்த சொல்லை ருக்மிணி விழுங்கிக்கொண்டாள்.

உள்ளே பாட்டஸ்கர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து எழுந்து நின்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

"மாவ்ஷி, நீங்கள் ஒரு விஷயத்தில் நிம்மதியாக இருக்கலாம்" என்றார். "தாமதம் ஆகவில்லை. மற்ற ஊர்களில் இருபது நாள், முப்பது நாள் போட்டு வைப்பார்கள். எலிகூடக் கடித்துவிடும். எங்கள் அலுவலகத்தில் இன்றுவரை ஒரு சடலம் எட்டாம் நாளைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்கவில்லை. சொந்த மகனைப் போலக் கவனித்து அனுப்பினோம்."

"சாம்பலு?" என்று கேட்டாள். ரஃபீக் கேட்டுச் சொன்னார். அன்றைக்குப் பன்னிரண்டு பேர். எல்லாம் ஒன்றாக.

பாட்டஸ்கர், எல்லாம் ஒழுங்காக நடந்ததற்குச் சாட்சியாகப் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நாற்பத்தொன்றுக்கு எதிரே அழகான மராத்தி எழுத்தில் ஒரு வரி.

"என்னன்னு போட்டிருக்கு தம்பி?"

ரஃபீக் படித்தார். "வாரிசு இல்லை. சிட்டி ஒண்ணு."

அவள் அந்த ஒன்றின் மேல் விரலை வைத்தாள். மணிக்கட்டில் 2217 பாதி அழிந்து இன்னும் தெரிந்தது. "அது போட்டிருக்குல்ல" என்றாள். "போதும்."

நாற்பத்தைந்தாம் நாள். நான் சொன்னேனே, ஒரு வாக்குறுதியும் தவறவில்லை.

வாசலில் சைக்கிள் நின்றது. "சிட்டி!"

அவள் எழுந்து வந்தாள். பதிவுத் தபால். தபால்காரர் கையெழுத்துக்காக ஒரு சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். கல்யாணம் முடிந்து திரும்பியிருந்த பத்ரிநாத், அந்த நாட்களில் தான் ஊரில் இல்லாமல் போனதை இன்னும் மன்னித்துக்கொள்ளாதவன், ஓடிவந்து உறையைப் பிரித்தான். மராத்தியில் இருந்ததைத் தமிழில் மெல்லப் படித்தான்.

'பொருள்: சடலம் எண் 41. பார்வை: 14.4.1943 தேதியிட்ட தங்கள் கடிதம், உள்வரவு எண் 2217. மேற்படி சடலத்தின் சட்டைப் பையில் இருந்த சீட்டு, அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரால் மொழிபெயர்க்கப்பட்டு வரப்பெற்றது. அதன் முதல் நான்கு வரிகளில் சட்டத்துக்கு விரோதமாக ஏதுமில்லை. ஐந்தாம் வரியிலிருந்து, இறந்தவருக்குத் தாயார் உயிருடன் இருப்பது ஐயமற நிரூபணமாகிறது. ஆகவே மேற்படி தாயார், இக்கடிதம் கண்ட மூன்று நாட்களுக்குள் நேரில் வந்து சடலத்தைப் பெற்றுச் செல்ல வேண்டியது. தவறினால், சடலம் உரிமை கோரப்படாததாகக் கருதப்படும். இணைப்பு: சீட்டின் நகல் ஒன்று.'

பத்ரிநாத் இணைப்பை எடுத்து அவளிடம் நீட்டினான்.

ருக்மிணி குழம்பினாள். தாயார் உயிருடன் இருக்கிறாளா? அகிலாண்டமா? "யாருக்குப்பா எழுதியிருக்காங்க? அக்காவுக்கா?" என்று கேட்டுக்கொண்டே இணைப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஜெராக்ஸ். ஜம்புவின் சாய்ந்த கையெழுத்து. கண்ணில் நீர் மறைத்தது. துடைத்துத் துடைத்துப் படித்தாள்.

புளி.

கொத்தமல்லி விதை.

அப்பளம்.

சுண்டைக்காய் வற்றல்.

அதற்குக் கீழே, அவள் சொல்லாமல் அவனாக எழுதியது.

அம்மாவுக்குக் கண் மருந்து.

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். படத்தில் இருந்த அகிலாண்டத்துக்கு இருபத்திரண்டு வயது. மை தீட்டிய கண்கள். அவற்றில் ஒரு குறையும் இல்லை.

தபால்காரர் சீட்டைத் தட்டினார். தாயார் என்ற பெயருக்கு வந்த தபால், வாங்குகிறவர் யார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். "கோன்?"

"ஆயி" என்றாள் ருக்மிணி. லோக்கல் ரயிலில் பழகிய சொல். தடுக்காமல் வந்தது.

தபால்காரர் எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். சைக்கிளை உருட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய் நின்று, "சிட்டி!" என்று கத்தினார்.

ருக்மிணி திரும்பிப் பார்த்தாள்.